சுகநாளில் சேர்த்த வசனம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களுக்கு,

இந்த மடலில் அனுதின வேதவாசிப்பைக் குறித்துச் சில காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். “இது போதகர் பிரசங்கத்தில் சொல்ல வேண்டியதாயிற்றே, மருத்துவமனை மடலில் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

வேதம் வாசிக்க மிகவும் விரும்புகிறவர்களை நாங்கள் வார்டில்தான் காண்கிறோம். வேதம் வாசிக்க முடியாதவர்களையும் அங்கேதான் காண்கிறோம். பல வேளைகளில் இருவரும் ஒருவரே. காய்ச்சலில் கண் எரிகிறது. வலியில் மனம் இரண்டு வரிக்கு மேல் நிற்பதில்லை. ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடியோ வீட்டில் இருக்கிறது. அறுவை சிகிச்சை அறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது. அந்த நேரத்தில் ஒருவரைத் தாங்குவது, சுகமாக இருந்த நாட்களில் அவர் உள்ளத்தில் இறங்கிய வசனமே.

தடுப்பூசியை நோய் வருமுன் போட வேண்டும் என்று நாங்கள் தாய்மாருக்குச் சொல்லுகிறோம். வேதவாசிப்பும் அப்படித்தான். வியாதிப்படுக்கை அதைச் செலவழிக்கும் இடம். சேர்த்து வைக்க வேண்டிய காலம் இன்றைய சுகமான நாள்.

இந்த மண்ணுக்கு வேதம் வந்த விதம்

நம் நாஞ்சில் நாட்டிலும் அதன் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் வேதவாசிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் முடிவில் மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் தீர்த்த யாத்திரை போன வழியில் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றார். ஊர் திரும்பியபோது தமிழ்ப் புத்தகங்களைக் கையில் கொண்டுவந்தார். அவற்றைத் தம் உறவினருக்கு வாசித்துக் காட்டினார். ரிங்கல்தௌபே ஐயர் 1806-ல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வருமுன்பே, வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் மயிலாடியில் இருந்தது. 1809-ல் அங்கே ஆலயம் எழும்பியது. ஆலயத்திற்கு முன்னே, ஒருவர் வாசிக்கச் சிலர் கேட்ட ஒரு வீடு இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அந்நாளில் ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்குத் திருவிதாங்கூரில் பள்ளிக்கூடம் எட்டாக்கனி. பெண்பிள்ளைகளுக்கோ சொல்ல வேண்டியதில்லை. 1818-ல் வந்த சார்லஸ் மீட் ஐயரும், 1819-ல் வந்த மால்ட் ஐயர் தம்பதியரும் சபையோடு பள்ளிகளையும் நடத்தினார்கள். அச்சுக்கூடமும் வைத்தார்கள். மக்கள் வேதத்தை வாசிக்க வேண்டும் என்பதற்காகவே அநேகருக்கு எழுத்து அறிவிக்கப்பட்டது. இரணியலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நெய்யூர், மேற்குப் பகுதியின் மிஷன் மையமாயிற்று. 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே அங்கே மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். பள்ளியும் ஆலயமும் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

தமிழில் வேதமும் எளிதில் வந்துவிடவில்லை. சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு 1796-ல் நிறைவடைந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் உருவான திருப்புதல் 1871-ல் வெளிவந்தது. முதல் அச்சுக்கும் இதற்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தது. இத்தனை பேர் ஆயுளைக் கொடுத்து நம் கையில் சேர்த்த புத்தகம், பல வீடுகளில் இன்று ஞாயிறு காலை மட்டுமே திறக்கப்படுகிறது.

ஏன் நின்றுபோகிறது?

புத்தாண்டு ஆராதனையில் தீர்மானம் எடுக்காதவர்கள் நம்மில் குறைவு. பிறகு ஏன் நின்றுபோகிறது? பெரும்பாலும் பக்திக் குறைவினால் அல்ல, கணக்குத் தெரியாததினால்.

வேதத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள் உள்ளன. ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமானால் தினமும் மூன்று அதிகாரங்களுக்குச் சற்று அதிகமாக வாசிக்க வேண்டும். ஆதியாகமத்தில் தொடங்கி நாளொன்றுக்கு மூன்று அதிகாரம் வாசிக்கிறவர், ஜனவரி 31-ல் லேவியராகமத்தின் வாசலில் நிற்பார். யோசேப்பின் சரித்திரமும் செங்கடலும் பின்னால் போய்விட்டன. முன்னால் இருப்பதோ பலிகளின் முறைமைகள். வழிகாட்டியில்லாமல் அங்கே வந்தவர் களைத்துப்போகிறார். இரண்டு நாள் விடுகிறார். ஆறு அதிகாரம் பாக்கி என்று மனம் குத்துகிறது. பாக்கி பன்னிரண்டாகும்போது வேதாகமத்தை மூடிவிடுகிறார்.

ஸ்காட்லாந்து தேசத்து டண்டீ நகரில் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-ன் இறுதியில் தம் சபையாருக்கு ஒரு வாசிப்பு அட்டவணை எழுதிக் கொடுத்தார். அதன்படி வாசித்தால் ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறையும் முடியும். உலகமெங்கும் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அட்டவணையோடு அவர் எச்சரிப்பும் எழுதினார். வெறும் சடங்காக வாசிப்பதும், வாசித்து முடித்தோம் என்று தன்னை மெச்சிக்கொள்வதும், கவனமின்றி ஓட்டமாக வாசிப்பதும், சுமக்க முடியாத நுகமாக அதை ஆக்கிக்கொள்வதும் ஆபத்து என்றார். அட்டவணை நல்லது. யாருக்கு எவ்வளவு என்பதே கேள்வி. எல்லா நோயாளிக்கும் ஒரே அளவு மருந்தை நாங்கள் எழுதுவதில்லை.

பழக்கமாக்கும் வழி

1. புது நேரம் தேட வேண்டாம். ஏற்கனவே தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துக் கட்டுங்கள். காலை காப்பி குடித்தவுடன், குளித்து முடித்தவுடன், பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டவுடன் என்று ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாலைதான் பரிசுத்தமான நேரம் என்று எண்ணி அநேகர் சோர்ந்துபோகிறார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் இருட்டோடே தோட்டத்தில் இருக்க வேண்டும். கடலுக்குப் போகிறவரின் நேரத்தைக் கடல் தீர்மானிக்கிறது. நைட் டூட்டி பார்க்கும் செவிலியருக்குக் காலைதான் இரவு. பால் வெட்டுகிறவருக்கு வேலை முடிந்து கஞ்சி குடித்த பின்பு வரும் பத்து நிமிடம், ஆண்டவர் அவருக்குக் கொடுத்த அதிகாலை. நேரம் எதுவானாலும் ஒரே நேரமாக இருக்கட்டும். வேதாகமமும் கண்ணாடியும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

2. அளவைக் குறையுங்கள். 1879 ஏப்ரல் 1-ல் இங்கிலாந்தில் ஸ்கிரிப்சர் யூனியன் என்னும் இயக்கம் பிள்ளைகளுக்காக ஒரு சிறிய அட்டையை வெளியிட்டது. அன்றன்று வாசிக்க வேண்டிய சிறு பகுதி அதில் குறிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்காகத் தொடங்கியதைப் பெரியவர்களும் பற்றிக்கொண்டார்கள். நெய்யூரில் நெடுங்காலம் ஊழியம் செய்த டாக்டர் சோமர்வெல் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் மலையேறும் குழுக்களில் இருந்தவர். 1924-ல் பிராணவாயு உருளை இல்லாமலே 8,500 மீட்டருக்கு மேல் ஏறினார். அப்பேர்ப்பட்ட மலையிலும் ஒரே மூச்சில் யாரும் ஏறுவதில்லை. ஒரு முகாம் போட்டு, அங்கே தங்கி, அடுத்த முகாமுக்குப் போகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் போதும். அதுவும் கடினமானால் பத்து வசனம் போதும்.

3. 66 நாள் பொறுங்கள். ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். உணவு, தண்ணீர், உடற்பயிற்சி ஆகிய காரியங்களில் ஏதாவது ஒன்றை அவர்கள் தினமும் செய்துவந்தார்கள். சிலருக்கு 18 நாளில் பழகிவிட்டது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுத்தரமாக 66 நாட்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதையும் கண்டார்கள். ஆகவே மூன்றாம் வாரத்தில் இன்னும் கடினமாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். அது இயல்பு.

அந்த 66 நாளுக்கு ஒரு பாதையை இங்கே தருகிறோம். மாற்கு 16 அதிகாரம், அப்போஸ்தலர் 28, ரூத் 4, யோனா 4, பிலிப்பியர் 4, யாக்கோபு 5, யோவானின் முதலாம் நிருபம் 5. நாளுக்கு ஒன்றாக மொத்தம் 66. இதை முடித்தவர் சங்கீதங்களுக்குப் போகலாம். லேவியராகமத்துக்கும் ஒரு நாள் வரும். அப்பொழுது எபிரெயர் நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் அது விளங்கும்.

4. வாய்விட்டு வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாசித்ததைப் பிலிப்பு எப்படி அறிந்தார்? காதால் கேட்டார் (அப். 8:30). அக்காலத்தில் சத்தமிட்டு வாசிப்பது பொதுவான வழக்கம். நாமும் மெல்லிய சத்தத்தோடு வாசித்தால் மனம் அலைவது குறையும். எழுத்துத் தெரியாத பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்பதும் வாசிப்பே. வேதமாணிக்கத்தின் உறவினர்கள் அப்படித்தான் தொடங்கினார்கள். கண் மங்கியவர்களுக்குக் கைபேசியில் ஒலி வடிவ வேதாகமம் உண்டு. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஒருமுறை அதைப் போட்டுக்கொடுத்துப் பழக்கினால் பேருதவி.

5. ஒரு வரி எழுதுங்கள். ஒரு சிறு நோட்டில் தேதி, பகுதி, மனதில் நின்ற ஒரு வரி ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். இரணியல் தறிகளில் ஒரு வேட்டி ஒரே வீச்சில் உருவாவதில்லை. ஊடிழை ஒவ்வொன்றாகத்தான் சேருகிறது. ஒற்றை இழையைப் பார்த்தால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். வருட முடிவில் அந்த நோட்டைப் புரட்டுகிறவருக்கே அது துணி என்று தெரியும்.

தியானம் என்றால் என்ன?

வாசித்ததும் வேதத்தை மூடிவிட்டால், மாத்திரையைக் கையில் வாங்கி விழுங்காமல் வைத்தது போலாகும். தியானம் வேண்டும். தியானம் என்றவுடன் கண்ணை மூடி ஒன்றும் நினையாதிருப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். வேதம் சொல்லும் தியானம் அதுவல்ல.

முதலாம் சங்கீதத்தில் பாக்கியவான் இரவும் பகலும் செய்வதாகச் சொல்லப்பட்ட தியானத்திற்கு எபிரெய மொழியில் ‘ஹாகா’ என்ற வினைச்சொல் வருகிறது. வாய்க்குள் முணுமுணுப்பது என்பது அதன் கருத்து. இரையின் மேல் நின்று உறுமும் சிங்கத்திற்கும் ஏசாயா அதே சொல்லைப் பயன்படுத்துகிறார் (ஏசா. 31:4). பசு மேய்ந்ததை நிழலில் படுத்து அசைபோடுவதைக் கண்டிருக்கிறோம். தியானமும் அசைபோடுதலே. வாசித்த பகுதியில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, துணி துவைக்கும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அதை உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பது.

அதற்கு மூன்று கேள்விகள் உதவும். இந்தப் பகுதி தேவனைப் பற்றி என்ன சொல்லுகிறது? என்னைப் பற்றி என்ன சொல்லுகிறது? இன்று நான் செய்ய வேண்டியது என்ன? மூன்றாவது கேள்விக்கு அன்று மாலைக்குள் செய்யக்கூடிய பதிலாக இருக்கட்டும். ‘அன்பாயிருப்பேன்’ என்பதைவிட, ‘இரண்டு வருடமாகப் பேசாத அண்ணனுக்குப் போன் செய்வேன்’ என்பது நல்ல பதில்.

இதே ‘ஹாகா’ என்ற சொல் ஏசாயாவின் புத்தகத்தில் இன்னோர் இடத்தில் வருகிறது. அதை மருத்துவமனையில் வேலை செய்யும் நாங்கள் மறக்க முடியாது. மரணத்துக்கு ஏதுவான வியாதியிலிருந்து பிழைத்த எசேக்கியா ராஜா, தான் படுக்கையில் புறாவைப் போல் புலம்பியதைச் சொல்லும் இடம் அது (ஏசா. 38:14). சுகமாயிருக்கும் பாக்கியவானின் தியானத்துக்கும், வியாதியாயிருக்கும் ராஜாவின் முனகலுக்கும் எபிரெயத்தில் ஒரே சொல். சுகநாளில் வசனத்தை முணுமுணுத்துப் பழகிய வாய், வியாதிநாளில் முனகும்போது அந்த முனகலே ஜெபமாகிவிடும். முதிர்ந்த வயதில் பிள்ளைகளின் பெயரையே மறந்துபோனவர்கள், யாராவது 23-ஆம் சங்கீதத்தைத் தொடங்கினால் கூடவே சொல்லுவதை மருத்துவமனையிலும் வீடுகளிலும் காணலாம். சிறுவயதில் ஓய்வுநாள் பாடசாலையில் பதிந்தது கடைசிவரை நிற்கிறது.

சில எச்சரிப்புகள்

இதே எசேக்கியாவின் சரித்திரத்தில் இன்னொன்றும் உண்டு. ராஜா ஜெபித்தார், தேவன் கேட்டார். அதன் பின்பு அத்திப்பழ அடையைப் பிளவையின் மேல் வைத்துக் கட்டும்படி ஏசாயா தீர்க்கதரிசி சொன்னார் (ஏசா. 38:21). ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியாக அங்கே நிற்கவில்லை. வேதம் வாசிக்கிறோம், ஆகவே நீரிழிவு மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேளாதீர்கள். மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

வேதாகமத்தைத் தலையணைக்கு அடியில் வைப்பதும், கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தைக் குறி போலப் பார்ப்பதும் வாசிப்பு ஆகாது. அது தாயத்து. நான்கு நாள் வாசிக்கவில்லை, அதனால்தான் வியாதி வந்தது என்று தன்னையோ பிறரையோ குற்றப்படுத்துவதும் தவறு. பிறவிக்குருடனைக் கண்டு யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு ஆண்டவர் என்ன பதில் சொன்னார் என்பதை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள்.

மனச்சோர்வினால் வேதத்தைத் திறக்கவும் முடியாதிருக்கிறவர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய எலியாவைத் தேவதூதன் தட்டியெழுப்பி, முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்க விட்டான். மெல்லிய சத்தம் ஓரேபில் பிறகுதான் கேட்டது (1 இராஜா. 19). உணவும் உறக்கமும் சிகிச்சையும் அவர்களுக்குக் கிடைக்கும்படி பாருங்கள். அவர்களுக்காக நீங்கள் வாசியுங்கள்.

தவறிய நாட்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. விட்ட பகுதியைச் சேர்த்து வாசித்துக் கடன் தீர்க்க வேண்டாம். இன்றைய பகுதியை இன்று வாசியுங்கள். வனாந்தரத்தில் மன்னாவும் அன்றன்றைக்கே சேர்க்கப்பட்டது.

குடும்பமும் வார்டும்

தனிப்பட்ட வாசிப்புக்குக் குடும்ப ஜெபம் வேலி போன்றது. சாயங்காலம் ஆலய மணி அடித்தவுடன் பாய் விரித்து, ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்த வழக்கம் நம் பகுதியில் நெடுங்காலம் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் ஒரு வசனம் உண்டு. தமிழ் வாசிப்புப் பழகியதே அங்கேதான் என்று சொல்லும் பெரியவர்கள் பலர். இன்று பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பாய் சுருட்டப்பட்டுவிட்டது. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் போனில் எல்லாரும் சேர்ந்து ஒரே சங்கீதத்தை வாசிக்கத் தடையேதும் இல்லை. வீட்டில் இருவர் மட்டும் மீந்திருந்தால் இருவராக வாசியுங்கள். ஒருவர் மட்டும் மீந்திருந்தால் அடுத்த வீட்டாரையும் அழையுங்கள்.

வியாதியஸ்தரைப் பார்க்க மருத்துவமனைக்கு வரும்போதும் நீங்கள் உதவலாம். முதலில் “வாசிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருங்கள். வேண்டும் என்றால் ஐந்தாறு வசனம் போதும். அவர் சிறுவயதிலிருந்து அறிந்த பகுதியாக இருக்கட்டும். மெதுவாக வாசியுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவர் வேறு மதத்தவராக இருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம். குரல் தாழ்ந்திருக்கட்டும். பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றை வயதான ஒருவருக்குப் பரிசாகக் கொடுப்பதும் நல்ல ஊழியம்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை இங்கே மருந்தாகவும் படுக்கையாகவும் ஏழைகளின் சிகிச்சையாகவும் மாறுகிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் ஒரு நாள் நீங்களும் நாங்களும் அதே படுக்கையில் படுக்க வேண்டியவர்களே. அன்று உங்களுக்கு வேண்டியதைக் காணிக்கையாக எங்களால் அனுப்ப முடியாது. அதை நீங்களே இன்று சேர்த்து வைக்க வேண்டும். இந்த மடலை வாசித்து முடித்ததும் மாற்கு முதலாம் அதிகாரத்தைத் திறங்கள். 45 வசனங்கள்தான். நிதானமாக வாசித்தாலும் பத்து நிமிடத்திற்குள் முடியும். அதிலேயே கர்த்தர் சீமோனின் மாமியைக் கைபிடித்துத் தூக்குகிறார், குஷ்டரோகியைத் தொடுகிறார், இருட்டோடே எழுந்து தனித்துப் போய் ஜெபிக்கிறார்.

எங்கள் நோயாளிகளையும், அவர்களுக்குத் துணையாக வார்டில் கண்விழித்திருக்கும் குடும்பத்தாரையும், மருத்துவர்களையும், செவிலியர்களையும் உங்கள் அனுதின ஜெபத்தில் தாங்குங்கள். நாங்களும் காலை ஜெபவேளையில் உங்களை நினைக்கிறோம். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்